வகுப்பறையில் செல்போன்: வேண்டுமா, வேண்டாமா?



சேமிப்பு, கடன் பேச்செல்லாம் முடிந்த பிறகு இப்போது பல குழுக் கூட்டங்களில் ஒரு கேள்வி வருகிறது. "என் மகன் பத்தாவது. போன் இல்லாம படிக்க முடியாதுங்கிறான். உள்கடன் குடுங்க" என்று ஒரு அக்கா கேட்டார். "பள்ளிக்கூடத்துக்குள்ள போனே கொண்டாரக் கூடாதுன்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்கு?" என்றார் பக்கத்தில் இருந்தவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனவே இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொள்வோம்.

போனால் என்ன நன்மை?

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது போன் இருந்த வீட்டுப் பிள்ளைகள் ஓரளவு படித்தார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். அந்த இழப்பைச் சரிசெய்யத்தான் 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது.

2018 முதல் வந்த புதிய பாடப் புத்தகங்களைத் திறந்து பாருங்கள். கடையில் பணம் அனுப்ப ஸ்கேன் செய்கிறோமே, அதே போன்ற கட்டம் அதில் இருக்கும். அதை ஸ்கேன் செய்தால் பாடம் தொடர்பான வீடியோ வரும். இதயம் எப்படித் துடிக்கிறது என்று பத்து முறை வாசிப்பதைவிட ஒரு முறை பார்த்தால் மனதில் நிற்கும்.

என்ன கெடுதல்?

இங்கிலாந்தில் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. போனுக்குத் தடை போட்ட பிறகு மாணவர்களின் தேர்வு மதிப்பெண் கூடியது. அதிகப் பலன் யாருக்குத் தெரியுமா? படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

இது நாம் கவனிக்க வேண்டிய விஷயம். வீட்டில் சொல்லித்தர ஆள் இருக்கும் பிள்ளை வகுப்பில் கவனம் சிதறினாலும் பிறகு பிடித்துக்கொள்ளும். முதல் தலைமுறையாகப் படிக்கும் நம் பிள்ளைக்கு டீச்சர் சொல்லும் அந்த முக்கால் மணி நேரம்தான் சொத்து. அதைப் போன் பறித்தால் திரும்பக் கிடைக்காது.

நம் நாட்டுக் கிராமங்களில் 2024-ல் எடுத்த 'அசர்' கணக்கெடுப்பு 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டது. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 100 பேரில், அதற்கு முந்தைய வாரம் படிப்புக்காகப் போனைப் பயன்படுத்தியவர்கள் 57 பேர். சமூக வலைதளம் பார்த்தவர்கள் 76 பேர்.

அப்படியானால் முடிவு என்ன?

வகுப்பில் போன் டீச்சர் கையில் இருக்கட்டும். பிள்ளையின் பையில் வேண்டாம்.

டீச்சர் பெரிய திரையில் காட்டினால் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். ஆளுக்கொரு போன் கொண்டுவரச் சொன்னால், இல்லாத பிள்ளை தலை குனிந்து உட்காரும். மறுநாள் "எனக்கும் வாங்கிக் குடும்மா" என்று அழும். கடைசியில் கடன் நம் தலையில்தான் விழும். யுனெஸ்கோ நிறுவனமும் 2023-ல், கற்றலுக்கு நிச்சயம் உதவும் இடத்தில் மட்டும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துங்கள் என்றுதான் சொன்னது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

1. போன் வீட்டுக்குப் பொது. படிக்க நேரம் குறித்துக் கொடுங்கள். இரவில் பிள்ளையின் தலையணை அருகில் வேண்டாம்.

2. மகனுக்கு ஒரு மணி நேரம் என்றால் மகளுக்கும் ஒரு மணி நேரம். அதே கணக்கெடுப்பில், போன் பயன்படுத்தத் தெரிந்த 100 ஆண் பிள்ளைகளில் 36 பேருக்குச் சொந்தப் போன் இருந்தது. பெண் பிள்ளைகளில் 27 பேருக்குத்தான்.

3. "போன்ல பாத்தத எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். நமக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. படித்த பிள்ளை சொல்லும். படிக்காத பிள்ளை முழிக்கும்.

4. போனில் யாராவது மகளுக்குத் தொல்லை கொடுத்தால் அவளைத் திட்டாதீர்கள், படிப்பை நிறுத்தாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098. இணையக் குற்றங்களுக்கு 1930.

பள்ளியில் நாம் செய்ய வேண்டியவை

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். ஆகவே அங்கே பேச நமக்கு உரிமை உண்டு. "வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாதீங்க, நோட்டுலயும் எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். வகுப்பில் திரை வேலை செய்கிறதா என்றும் கேளுங்கள்.

குழுவில் பேசுவதற்கு

* நம் குழுவில் எத்தனை வீட்டில் பிள்ளைகளுக்குப் போன் கிடைக்கிறது? அதில் மகள்கள் எத்தனை பேர்?
* போன் வாங்க உள்கடன் கேட்டால் என்ன பார்த்துக் கொடுக்கலாம்?
* பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் உறுப்பினர் யார்? அவர் மூலம் என்ன கேட்கப் போகிறோம்?

பேசி முடித்ததும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஊக்குநர்கள் அதைக் கொண்டுவாருங்கள்.