கையெழுத்துக்கு முன் ஒரு நாள்

நோன்பு மாதத்தில் சஹர் நேரத்துக்கு எழுப்பிவிட எங்கள் தெருவுக்கு ஒரு பக்கீர்சா வருவார். இரவு மூன்று மணிக்குத் தாயிராவைத் தட்டிக்கொண்டு, வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்துப் பாடிக்கொண்டே போவார். முப்பது நாளும் யாரிடமும் கை நீட்ட மாட்டார். பெருநாள் தொழுகை முடிந்ததும் வீடு வீடாக வருவார். அரிசி, துணி, ரூபாய் என்று அவரவர் வசதிப்படி கொடுப்போம். பாட்டைத் தொழிலாகக் கொண்ட ஒருவரை நான் முதலில் பார்த்தது அப்படித்தான். எந்தக் கம்பெனியும் அவர் குரலைப் பதிவு செய்யவில்லை. அவரும் யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த நான் 1998-இல் எழுதிக் கொடுத்தேன்.

சென்னையில் ஒரு கேசட் கம்பெனி. எட்டு இஸ்லாமியப் பாடல்கள். ஆறு பாட்டை எங்கள் பக்கத்துப் புலவர் ஒருவர் எழுதினார், இரண்டை நான் எழுதினேன். எட்டுக்கும் மெட்டு என்னுடையது. ஒரே நாளில் பாடி முடித்தேன். கையில் 5,000 ரூபாயும் 100 கேசட்டும் கொடுத்து, முத்திரைத்தாளில் ஆங்கிலத்தில் அடித்த இரண்டு பக்கத்தை நீட்டினார்கள். “எல்லாரும் போடுறதுதான் பாய், வழக்கமான பேப்பர்” என்றார் அங்கிருந்தவர். ஊருக்கு பஸ் பிடிக்கிற அவசரம். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கேசட் நன்றாகவே ஓடியது. நாகூரில் தர்கா கடைவீதியில் என் குரல் கேட்கிறது என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். துபாயில் இருந்த மச்சான், தன் அறையில் எல்லாரும் கேட்பதாகக் கடிதம் போட்டார். அத்தா அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அதற்குமேல் ஒரு ரூபாய்கூட வரவில்லை. 2015-இல் என் தம்பி மகன் அந்தப் பாட்டுகளில் ஒன்றை யூடியூபில் ஏற்றினான். மறுநாளே வேறு ஒரு நிறுவனத்தின் பெயரில் உரிமை கோரி அறிவிப்பு வந்தது. பழைய கம்பெனி தன் கேசட்டுகளையெல்லாம் மொத்தமாகக் கைமாற்றிவிட்டிருந்தது. என் மெட்டு, என் குரல், இரண்டு பாட்டில் என் வரி. ஆனால் பாட்டு என்னுடையது இல்லை.

பெரம்பலூரில் ஒரு வக்கீலிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தமிழில் சொல்லிக் கேட்டபோதுதான் நான் கொடுத்தது என்ன என்று புரிந்தது: எக்காலத்துக்கும், உலகம் முழுவதற்கும், இனிமேல் வரப்போகிற எல்லா வடிவத்துக்கும். அவர் சொன்ன இன்னொரு விஷயம் என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் காலம் எழுதப்படாவிட்டால் உரிமை ஐந்து வருடத்துக்குத்தான் போகும். எந்த நாடுகளுக்கு என்று எழுதப்படாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான் போகும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அது திரும்பி வந்துவிடும். சட்டம் பாட்டுக்காரன் பக்கம்தான் நிற்கிறது. அந்தச் சட்டத்தைத் தாண்டத்தான் “எக்காலத்துக்கும்” என்ற சொல்லைக் கம்பெனிகள் மறக்காமல் எழுதுகின்றன. அந்த ஒரு சொல்லை அடித்து “ஐந்து வருடம்” என்று எழுதச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது. கேட்க வேண்டும் என்று தெரியவில்லை. வழக்குப் போடலாமா என்றேன். வழக்குச் செலவு பாட்டு தரும் பணத்தைவிட அதிகம் என்றார் வக்கீல்.

இதைப் படிக்கிற தம்பிமார்களுக்கு 2012 சட்டத் திருத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் அந்தப் பாட்டின் பயன்பாட்டில் வருகிற ராயல்டியில் பங்கு உண்டு; அதைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. சினிமாவில் வராத தனிப்பாட்டுக்கும் இது பொருந்தும். வாரிசுக்கோ, ராயல்டி வசூலிக்கிற சங்கத்துக்கோ மட்டும்தான் அதை மாற்றித் தர முடியும். எழுதுகிறவர்களுக்கும் மெட்டுப் போடுகிறவர்களுக்கும் 1969-இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் இருக்கிறது. பாடகர்களுக்கு 2013-இல் பதிவான இஸ்ரா இருக்கிறது. சேர்ந்தவுடன் பணம் கொட்டாது. ஆனால் உங்கள் பாட்டு உங்கள் பெயரில் ஒரு பதிவேட்டில் ஏறும். எழுதிய புலவரையும் சேர்த்துவிடுங்கள். நாகூர் ஹனீபாவின் மிகப் புகழ்பெற்ற பாட்டை மனப்பாடமாகச் சொல்கிறவர்களிடம் எழுதியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஆர். அப்துல் சலாம் என்ற பெயர் பலர் வாயில் வராது. எனக்கு அது பெரிய வருத்தம்.

ஹனீபா அவர்கள் 2015 ஏப்ரலில் மறைந்தபோது எங்கள் ஊர் டீக்கடைகளில் நாள் முழுவதும் அவர் பாட்டுதான். அவர் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இசைத்தட்டு. ஆனால் அவரை நினைக்கிற பெரியவர்கள் யாரும் இசைத்தட்டைப் பேசுவதில்லை. மீலாது மேடையைப் பேசுகிறார்கள், மைக்கில் அவர் எடுத்த முதல் சுருதியைப் பேசுகிறார்கள். பதிவு பெயரைக் கொண்டுபோகும். சோறு போடுவது மேடை. முப்பது வருடமாக நான் கண்டது இதுதான்.

மேடைக் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். வெள்ளாற்றுக்கு அக்கரையில் திட்டக்குடி, இந்தப் பக்கம் வி.களத்தூர், பெரம்பலூர் என்று போய்வருகிறேன். 2023-இல் ஒரு மீலாது நிகழ்ச்சிக்கு 25,000 ரூபாய் பேசினேன். கீபோர்டுக்கு 4,000, தபேலாவுக்கு 3,000, ஆக்டோபேடுக்கு 3,500, கோரஸ் இரண்டு பேருக்கு 3,000, வேனுக்கு 4,000. எனக்கு நின்றது 7,500. மீலாது வருகிற ரபீஉல் அவ்வல் மாதத்தில் இப்படி ஆறு ஏழு நிகழ்ச்சி வரும். பிறகு மூன்று மாதம் ஒன்றுமே வராது. தஃப் தவிர வேறு இசைக்கருவி கூடாது என்று கருதுகிற ஜமாஅத்துகள் இப்போது கூடியிருக்கின்றன. அவர்கள் கொள்கையை நான் மதிக்கிறேன்; அங்கே தஃப்பும் குரலும் மட்டும் வைத்துப் பாடுகிறேன். செலவு குறைவதால் கையில் நிற்பது கூடுகிறது. பாடுகிறவனின் குரலும் சுத்தமாகிறது.

முன்பணம் வாங்காமல் தேதி கொடுக்காதீர்கள். ஊரில் ஒரு மவுத்து விழுந்தால் நிகழ்ச்சி நின்றுவிடும், நிற்கத்தான் வேண்டும். ஆனால் தபேலாக்காரர் அந்தத் தேதிக்காக வேறு வேலையை விட்டிருப்பார். நான் பாதிப் பணத்தை முன்பே வாங்கி, நிகழ்ச்சி நின்றால் அதை வாத்தியக்காரர்களுக்குப் பிரித்துவிடுவேன். நிகழ்ச்சி நடந்த இரவும் முதலில் அவர்களுக்கு, பிறகுதான் எனக்கு. இருபது வருடமாக அதே கீபோர்டுக்காரர் என்னோடு வருகிறார் என்றால் காரணம் இது ஒன்றுதான்.

மேடை இல்லாத மாதங்களைக் காப்பாற்றுவது நிக்காஹ் வாழ்த்துப் பாட்டு. எங்கள் ஊரில் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு குறைவு. தங்கை கல்யாணத்துக்கு வர முடியாத அண்ணன் அங்கிருந்து வாட்ஸ்அப்பில் மணமக்கள் பெயரையும் அத்தா அம்மா பெயரையும் அனுப்புவார். நான் எழுதி, மெட்டுப் போட்டு, ட்ராக்கோடு பாடி அனுப்புவேன். ஒரு பாட்டுக்கு 3,000 ரூபாய், ஸ்டுடியோ செலவு தனி. மண்டபத்தில் அந்தப் பாட்டு ஒலிக்கும்போது அம்மாமார்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கீர்சா வீட்டுப் பெயரைச் சேர்த்துப் பாடிய அதே வேலைதான் இது.

யூடியூப், ஸ்பாட்டிஃபை வருமானத்தை மட்டும் நம்பி யாரும் வேலையை விட்டுவிட வேண்டாம். யூடியூபில் விளம்பரப் பணம் வர 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டால்தான் அதற்குக் கணக்கே தொடங்கும். ஆனாலும் ஏற்றுங்கள், உங்கள் பெயரிலேயே ஏற்றுங்கள். என் பாட்டுகளிலிருந்து வருடத்துக்கு வருகிற பணம் ஒரு மேடைக்குக்கூட ஈடாகாது. ஆனால் அதைக் கேட்டுவிட்டுத்தான் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள்.

பெரிய வெற்றி கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யைத் தெரியாத தமிழர் இல்லை, சினிமா இல்லாமல் ஒரு தனிப்பாட்டு உலகம் சுற்றியது. மூன்று வருடம் கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பேரும் புகழும் உள்ளவர்களுக்கே இந்த நிலை என்றால், பஸ்ஸுக்கு அவசரப்பட்டு நிற்கிற நமக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

கம்பெனியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம்மால் போக முடியாத இடத்துக்குப் பாட்டைக் கொண்டுபோகிற கம்பெனி நல்லதுதான். போன வருடம் என் தம்பி மகனுக்கே ஓர் ஒப்பந்தம் வந்தது. மூன்று சொல்லைத் திருத்தக் கேட்டோம். காலத்தைப் பத்து வருடமாகக் குறைத்தார்கள். மேடையில் பாடும் உரிமை அவனுக்கே என்று எழுதினார்கள். மூலப் பதிவான மாஸ்டரைத் தர மட்டும் மறுத்துவிட்டார்கள். நான்கு பாட்டை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஆறைத் தன் பெயரில் வெளியிட்டான்.

தம்பி, தங்கச்சி, யாராக இருந்தாலும் என் வேண்டுகோள் இது: தாளை நீட்டினால் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, தெரிந்த ஒருவரிடம் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு நாளைத் தர மறுக்கிற கம்பெனிக்குப் பாடாதீர்கள்.