உயர்நிலைப் பள்ளியும் தொழிற்கல்வியும்

கடலூரினின்று விருத்தாசலத்துக்குச் செல்லும் பெருஞ்சாலையிலே குள்ளஞ்சாவடி என்னும் ஊர் உளது. சாவடி என்பது வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் இடம். இற்றை நாளில் அங்கு இளைப்பாறுவோர் சிலர். கடந்து செல்வோரே பலர். கிழக்கே சென்றால் கடலூர்த் துறைமுகமும் அதனையடுத்த இரசாயனத் தொழிற்சாலைகளும் உள்ளன. மேற்கே குறிஞ்சிப்பாடியிற் கைத்தறிகள் ஒலிக்கின்றன. வடலூரைக் கடந்தால் நெய்வேலியின் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் தோன்றும். இன்னும் அப்பால் விருத்தாசலத்திற் பீங்கான் தொழில் நடைபெறுகின்றது. ஒரே சாலையில், அரைநாட் பயணத்துள், இத்துணைத் தொழில்கள் ஒருங்கே அமைதல் அரிது. ஆயின் அச்சாலையோரத்துப் பள்ளியிற் பயிலும் மாணாக்கன் பத்தாம் வகுப்பு முடித்தவுடன் இவற்றுள் ஒன்றனையேனும் அறிந்து தெரிந்தெடுக்கும் நிலையில் உள்ளானா? இதுவே ஈண்டு ஆராயப் புகுவது.

நெய்வேலியின் வரலாறு இவ்வினாவைக் கூர்மையாக்குகின்றது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பாருடைய நிலத்திற் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டமை பலரும் அறிந்ததே. 1956-இல் நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பெற்றது. 1957 மே 20 ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அகழ்வுப் பணியைத் தொடங்கி வைத்தார். ஆயினும் நிலக்கரி கண்ணிற் படுதற்கு 1961 ஆகஸ்டு வரை நான்காண்டுகள் சென்றன. காரணம் யாதெனின், மேலே கடுமையான மணற்பாறை. நிலக்கரிப் படுகைக்குக் கீழே மிக்க அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர். அந்நீரை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைத் தணித்தாலன்றிச் சுரங்கத்தின் அடித்தளம் பிளந்து வெள்ளம் பீறிடும். சக்கரத்திற் பல வாளிகளைக் கோத்தாற் போன்ற பேரகழ் பொறிகள் ஜெர்மனியினின்று வந்தன. சோவியத்து நாட்டின் துணையோடு அமைந்த மின்நிலையம் 1962-இல் மின்சாரம் வழங்கத் தொடங்கிற்று.

இதற்கெல்லாம் வேண்டிய நிலம் சுற்றுப்புறச் சிற்றூர்களினின்று எடுக்கப்பெற்றது. நிலந் தந்தோர் வேலை கேட்பது இன்றளவும் ஓயாத வழக்காக உளது, கேட்பது நியாயமே. வேலை என்றால் எவ்வேலை என்பதும் உடன் எழவேண்டிய கேள்வி. மண் சுமப்பதும் வேலைதான். நீரழுத்தத்தைக் கணக்கிட்டு ஆழ்குழாய்க் கிணற்றுக்கு இடங் குறிப்பதும் வேலைதான். இவ்விரண்டில் எது ஒருவனுக்கு வாய்க்கும் என்பது பெரும்பாலும் அவன் பதினான்கு வயது முதற் பதினெட்டு வயதுக்குள் யாது கற்றான் என்பதைப் பொறுத்தது.

அவ்வயதினருக்கென்றே அமெரிக்க நாட்டில் ஒரு முறை வகுத்துள்ளனர். 1969-இல் பிலடெல்பியா நகரத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் மின்தொழிலை மையமாகக் கொண்டு அது தொடங்கிற்று. ‘கேரியர் அகாடமி’ என்பது அதன் பெயர். தொழில்நெறிப் பிரிவு என நாம் வழங்கலாம். பெரிய பள்ளியினுள்ளே சிறு பள்ளி போன்றது அது. ஒரே குழுவினரான மாணாக்கர் மூன்று நான்கு ஆண்டுகள் ஒரே ஆசிரியர் குழாத்திடம் பயில்வர். மொழி, கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றை விட்டுவிடார். அவற்றோடு ஒரு தொழிலையும் சேர்த்துக் கற்பர். ஊரிலுள்ள தொழில் நிலையங்கள் மாணாக்கரை அழைத்துப் பழக்கும். வடிவமைப்பு, பொறியியல், டிஜிட்டல் ஊடகம் ஆகியவற்றை ஒன்றாக இணைத்து நடத்தும் பிரிவுகளும் இக்காலத்தில் உண்டு.

இம்முறை பயன் தந்ததா என்று வெறும் புகழுரையால் அன்றி ஆராய்ச்சியாற் கண்டனர். 1993-இல் தொடங்கி ஒன்பது பள்ளிகளில், விண்ணப்பித்தோருட் சிலரைத் திருவுளச்சீட்டுப் போல் தெரிந்து சேர்த்து, சேர்ந்தோரையும் சேராதோரையும் பல்லாண்டு ஒப்பிட்டு நோக்கினர். பள்ளி விட்ட பின் எட்டாண்டுக் காலத்திற் சேர்ந்தோரின் வருவாய் ஏறக்குறைய நூற்றுக்குப் 11 மிகுந்திருந்தது. ஆடவருக்கு அது 17. மகளிருக்கோ குறிப்பிடத்தக்க ஊதியம் காணப்படவில்லை. பெண்மக்களை எத்தொழிலுக்கு அழைக்கின்றோம் என்பதை அங்கும் செம்மையாக எண்ணவில்லை போலும்! மற்றொரு முடிவே நமக்கு இன்னும் இன்றியமையாதது. தொழில் கற்றமையாற் கல்லூரிக்குச் செல்வோர் தொகை குறையவில்லை. தொழில் கற்பவன் ஏட்டுக் கல்வியை இழப்பான் என்ற அச்சத்துக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

நம் நாட்டிலும் இம்முயற்சி புதியதன்று. சென்னையில் 1794-இல் நில அளவைப் பள்ளி ஒன்று ஏற்பட்டது. கிண்டிப் பொறியியற் கல்லூரி அதன் வழிவந்ததே. 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் வைத்தியர் தம் சொந்த முயற்சியாற் சித்திரப் பள்ளியொன்று தொடங்கினார். அதுவே பின்னர் அரசாங்கக் கைத்தொழிற் கலைப் பள்ளியாயிற்று. அப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1898-இல் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கியது, நம் வீட்டு அடுக்களைகளை மாற்றிய செய்தி. அதே நிலையத்துக்கு 1929 முதல் தலைமை பூண்ட தேவிபிரசாத் ராய் சௌதுரி வடித்ததே மெரினாக் கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலை. சிலையாயினும் குண்டானாயினும் முதலிற் சித்திரமாகப் பிறக்கவேண்டும் என்பதை அப்பள்ளி நன்கறிந்திருந்தது. திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்து மிஷனைச் சார்ந்த கைத்தொழிற் பள்ளி 1878-இல் தோன்றிற்று. இவையெல்லாம் தனிப் பள்ளிகள்; பொதுப் பள்ளியினுள் தொழில் நுழையவில்லை.

நுழைக்க வேண்டுமென்று 1882-இன் கல்விக் கமிஷன் கூறிற்று. அதன் தலைவர் பெயரும் ஹண்டர்தான். இவர் வேறு, வைத்தியர் வேறு. உயர்வகுப்பிற் கல்வி இரண்டு கிளைகளாகப் பிரிதல் வேண்டும், ஒன்று சர்வகலாசாலைப் பரீட்சைக்கும் மற்றொன்று வியாபாரம் முதலிய தொழில்களுக்கும் உரியதாதல் வேண்டும் என்பது அதன் கருத்து. இரண்டாங் கிளையை நாடினோர் மிகச் சிலர். உத்தியோகம் முதற் கிளையில் அன்றோ பழுத்தது! மேலே ஏற வழியில்லாத ஏணியில் எவர் கால் வைப்பர்?

இதனினும் வேறான ஒரு தவறு 1953-இல் நேர்ந்தது. அப்போது சென்னை முதன்மந்திரியாயிருந்த இராஜாஜி, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளிற் பாடநேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதிற் பிள்ளைகள் பெற்றோர் தொழிலில் உதவிப் பழகலாம் என ஏற்பாடு செய்தார். பள்ளியும் ஆசிரியரும் போதாத குறையைப் போக்குதல் அவர் கருதியது. பெரியார் முதலியோர் அதனைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று கூறி வன்மையாக எதிர்த்தனர். 1954-இல் இராஜாஜி பதவி நீங்கினார்; பின்வந்த காமராஜர் அத்திட்டத்தை விலக்கினார். எதிர்த்தோர் கைத்தொழிலை இழிவென்று சொல்லவில்லை என்பதை நாம் மறத்தல் கூடாது. தச்சன் மகன் தச்சனாவதற்கும், தச்சுவேலை விரும்பிய எவன் மகனும் தச்சனாவதற்கும் உள்ள வேறுபாட்டையே அவர்கள் சுட்டினர். தெரிவு மாணாக்கனுடையதாக இருத்தல் வேண்டும். தெரிந்தெடுத்த பின்னும் மேற்படிப்பின் வாயில் அடைபடாதிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவிடத்துத் தொழிற்கல்வி என்பது வேலியாகிவிடும். 1882-இன் கருத்துக்கு இரண்டாவது இல்லை. 1953-இன் திட்டத்துக்கு இரண்டுமே இல்லை என்பது எம் துணிபு.

1952-இல் அமைந்த இலக்குமணசாமி முதலியார் கமிஷன் பலநோக்குப் பள்ளிகளை வேண்டிற்று. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்பிரிவுகளும் உடன் பிறந்தன: பொது இயந்திரம், மின்சாதனம், மின்னணுக் கருவி, கட்டடப் படவரைவு, நெசவு, வேளாண்மை, செவிலியம் எனப் பல. அவ்வாண்டிலேயே, முன்னர்த் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியிற் பொருளாதாரம் கற்பித்தவரும் யுனெஸ்கோவில் உயர்பதவி வகித்தவருமான மால்கம் ஆதிசேஷையா தலைமையில் ஒரு தேசியக் குழு, ‘செய்யக் கற்றல்’ எனப் பொருள்படும் தலைப்புடன் அறிக்கை அளித்தது. இம்முறை வாயில் முற்றும் அடைபடவில்லை. தொழிற்பிரிவில் தேறியோர்க்குப் பொறியியற் கல்லூரிகளிற் சிறு ஒதுக்கீடு உண்டு. பாலிடெக்னிக்கிற் பட்டயம் பெற்றோர் பொறியியற் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். வாயில் சிறிதெனினும் திறந்தே உளது.

இனி, வடிவமைப்பும் பொறியியலும் ஊடகமும் ஏன் ஒரு பிரிவினுள் அடங்கவேண்டும் என்று மாணவ நண்பர்கள் வினவலாம். விடை காண்பதற்குக் குறிஞ்சிப்பாடித் தறி ஒன்றே போதும். லுங்கியின் கட்டத்தை நோக்குக. பாவில் இத்தனை இழை நீலம், இத்தனை இழை வெள்ளை. ஊடையிலும் அவ்வாறே ஒரு வரிசை. நீலப் பாவும் நீல ஊடையும் கூடுமிடம் முழு நீலம். நீலமும் வெள்ளையும் கூடுமிடம் இளநீலம். நெசவாளர் துணியைக் காணுமுன்னரே எண்ணிக்கையாற் கட்டத்தைக் கண்டுவிடுகின்றார். கோட்டுத்தாளிற் சதுரங்களை நிரப்பி இதனை எட்டாம் வகுப்பு மாணாக்கனும் வரையலாம். 1804-இல் பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு இவ்வெண்ணிக்கையை அட்டையில் துளையிட்டுத் தறிக்கு ஊட்டினார். துளை உண்டேல் இழை எழும், இல்லையேல் எழாது. அவ்வட்டையையே பாபேஜ் தம் கணக்குப் பொறிக்குக் கருவியாக எண்ணினார். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு துளையட்டைகளாற் கணக்கிடப்பெற்றது. துளையட்டை வழியே கணிப்பொறி வளர்ந்தது. துளை உண்டு, இல்லை என்பதே கணிப்பொறியின் ஒன்றும் சுழியும்.

கணிப்பொறித் திரையிலுள்ள படமும் கோட்டுத்தாளே. ஒவ்வொரு சதுரத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகள். ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும். லுங்கியில் இழை எண்ணிய மாணாக்கனுக்கு இது மாயமன்று, பழகிய கணக்கே. பின்னர் அவன் ஒரு நீரிறைக்கும் பம்பைக் கழற்றி, மேற்றோற்றம், முகத்தோற்றம், பக்கத்தோற்றம் என மூன்று படங்கள் அளவோடு வரையட்டும். அப்படங்களையே கணிப்பொறியில் இட்டு அப்பொருளைச் சுழற்றிக் காணட்டும். அது இயங்கும் வகையைச் சிறு அசைபடமாக்கி ஊர் உழவர்க்குக் காட்டட்டும். வடிவமைப்பு, பொறியியல், ஊடகம் மூன்றும் அங்கே தாமே வந்து கூடும். சென்னை மத்தியப் பாலிடெக்னிக்கில் 1945-லேயே திரைப்பட ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் பொறித்தொழில்களோடு ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கத் தொடங்கினர். படவரைவும் படத்தொகுப்பும் தோள்வலியை வேண்டாதவை. மகளிர்க்கும் ஆடவர்க்கும் ஒப்ப உரியவை என்பதையும் பள்ளியிற் சேர்க்கும்போதே பெற்றோர்க்கு எடுத்துச் சொல்லுதல் நலம்.

தடை வேறோரிடத்தில் உளது. 1978-இல் தொழிற்பிரிவுகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை அமர்த்தினர். பின்னரே அவர்கள் நிலைபெற்றனர். அவர்கள் ஓய்வுபெற்றபோது பல பள்ளிகளில் அவ்விடங்கள் நிரப்பப்பெறாமையாற் பிரிவுகளே மறைந்தன. அண்மையிற் பாடநூல்கள் புதுப்பிக்கப்பெற்று, அடிப்படை இயந்திரப் பொறியியல், அடிப்படை மின்பொறியியல் என நற்பெயர்களும் பெற்றன. நூல் வந்தது; லேத்தை ஓட்டிக் காட்டுவாரின்றேல் அந்நூலை மனப்பாடஞ் செய்வதன்றி மாணாக்கன் யாது செய்வான்? பரீட்சையில் அவன் தேறவுங்கூடும். அஃது இன்னுங் கொடிது.

2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் மாணாக்கர்க்குத் தொழில்வழிகளை எடுத்துக்காட்ட எழுந்தது. 2023-இல் டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் துணையோடு அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் பலவற்றிற் புதுப்பட்டறைகள் திறக்கப்பெற்றன. இத்தகைய பட்டறையை ஒவ்வொரு பள்ளியிலும் அமைத்தல் இயலாது, அமைக்கவும் வேண்டா. கடலூரில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் உளது. நெய்வேலியில் மின்னும் பொறியும் ஆளும் வல்லுநர் உளர். குறிஞ்சிப்பாடியில் நெசவாளர் உளர். பதினோராம் வகுப்பு மாணாக்கர், நாலு நாள் பள்ளியிற் கணிதமும் மொழியும் விஞ்ஞானமும் பயின்று, ஐந்தாம் நாள் பேருந்தேறி இவ்விடங்களுள் ஒன்றுக்குச் செல்லுமாறு காலப்பட்டியை வகுக்கலாம். அந்நாளுக்கு வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் உண்டென்று கல்வித் துறை ஒப்புதல் வேண்டும். பேருந்துக் கட்டணம் மாணாக்கர்க்கு முன்னரே இலவசம்.