மணிச்சத்தும் வேர் உட்பூசணமும்

திருமங்கலம், உசிலம்பட்டிப் பகுதிகளின் கரிசலில் பருத்தி பயிரிடும் அங்கத்தினர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்பதுண்டு: “ஆண்டு தவறாமல் டி.ஏ.பி. இடுகிறோம், பயிர்க்கடனில் ஒரு பங்கு உரத்துக்கே போகிறது, இட்ட உரம் பயிரில் தெரியவில்லையே, அது எங்கே போயிற்று?” ஏட்டில் பற்று எழுதிய பொருள் வயலில் வரவாகவில்லையென்றால் கேட்க வேண்டிய கேள்விதான் இது.

50 கிலோ மூட்டை டி.ஏ.பி.யில் 23 கிலோ மணிச்சத்து உண்டு. இட்ட பருவத்திலேயே பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. எஞ்சியது அழிந்துவிடவில்லை. கரிசலில் சுண்ணாம்புடனும், செம்மண்ணில் இரும்பு, அலுமினியத்துடனும் பிணைந்து நிற்கிறது. தழைச்சத்தைப் போல் மணிச்சத்து நீரோடு எளிதில் நகர்வதில்லை. வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணில் உள்ளது தீர்ந்ததும், அப்பால் இருப்பது எட்டாக்கனியாகிறது.

அந்தத் தொலைவைக் கடக்க உதவுவதே வேர்ப் பூசணம். 1885-இல் ஜெர்மானிய அறிஞர் பிராங்க், மரவேர்களோடு பூசணம் கூடி வாழ்வதைக் கண்டு ‘மைக்கோரைசா’, அதாவது பூசண வேர், எனப் பெயரிட்டார். நம் பயிர்களில் காண்பது மற்றொரு வகை. அது வேரின் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து வாழ்வதால் வேர் உட்பூசணம் எனப்படும். சுருக்கமாக ‘வேம்’ என்பர். நூலினும் மெல்லிய அதன் இழைகள் வேரைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் பரவி, சிதறிக் கிடக்கும் மணிச்சத்தைத் திரட்டி வேருக்கு அளிக்கின்றன. அமிலம் சுரந்து மணிச்சத்தைக் கரைக்கும் பாஸ்போபாக்டீரியாவின் வேலை வேறு. இதன் வேலை எடுத்து வருவதே.

இதற்குக் கூலியாகப் பயிர், இலையில் சமைத்த சர்க்கரையைப் பூசணத்துக்குக் கொடுக்கிறது. இதுவும் ஒரு கூட்டுறவே! ஆனால் மணிச்சத்து உரத்தை மிகுதியாகக் கொட்டினால், பயிர் இந்தக் கூட்டைத் தளர்த்திவிடுகிறது. கையில் ரொக்கம் மிகுந்த அங்கத்தினர் சங்கத்தை மறப்பது போன்றதே அது.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் கரிசல் மண்ணில், நெடுநாள் தரிசுக்குப்பின் விதைத்த பயிர்கள் மணிச்சத்தும் துத்தநாகமும் குன்றி நலிந்தன. உயிருள்ள வேரின்றிப் பூசணம் மண்ணில் குறைந்ததே காரணம் என்று தாம்ஸன் என்பவர் 1987-இல் எடுத்துக்காட்டினார். நமக்கும் இதில் பாடம் உண்டு. பருத்திக்குப்பின் நிலத்தை வெறுமையாக விடாமல், ஈரமுள்ளபோது உளுந்தோ தட்டைப்பயறோ விதைத்தல் நலம்; வீண் உழவும் இழைகளை அறுத்துவிடும்.

பருத்தி, சோளம், வெங்காயம், மிளகாய், வாழை ஆகியவை இப்பூசணத்தை நன்கு ஏற்பன. முள்ளங்கி, முட்டைக்கோசு, கடுகு ஆகியவை ஏற்பதில்லை. நீர் தேங்கிய நெல்வயலிலும் இது செழிப்பதில்லை. ஆகவே இவற்றுக்கு வாங்குவது வீண் செலவாகும்.

இடும் முறை எளிது. நாற்றங்காலுக்குச் சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்கும்போது மண்ணில் 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் இடுக. பாலிதீன் பைக் கன்றுக்கு 5 முதல் 10 கிராம் போதும். வளர்ந்த மரத்துக்கு 200 கிராம் வேண்டும். எவ்விடத்தும் அது வேரைத் தொட வேண்டும். மேலே தூவினால் பயனில்லை.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு சொல். பூசணம் உயிருள்ள சரக்கு. தகரக் கூரையின் வெப்பத்தில் மூட்டையோடு மூட்டையாக அடுக்கினால் அது மடியும். அங்கத்தினர் விலை கொடுத்து வாங்குவது வெறும் தூளாகிவிடும். உயிர் உரங்கள் 2006 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்கு உட்பட்டவை. தயாரித்த நாளையும் காலாவதி நாளையும் பார்த்தே கொள்முதல் செய்க. தேவைக்கு மேல் இருப்பு வைக்க வேண்டாம்.

உரத்தை அடியோடு நிறுத்துமாறு நாம் கூறவில்லை. முதலில் மண்ணைப் பரிசோதித்து, தேவையான அளவே மணிச்சத்து இடுக. வயலில் ஒரு பாத்திக்குப் பூசணம் இட்டும், அடுத்த பாத்திக்கு இடாமலும் விளைச்சலைத் தனித்தனியே நிறுத்துப் பார்க்கவும். ஐயமிருப்பின் மதுரை வேளாண்மைக் கல்லூரியாரை அணுகலாம். தராசு காட்டும் கணக்கைக் கண்டபின், அடுத்த பருவத்துக் கடன் மனுவில் உரத்துக்கு எவ்வளவு எழுதுவதென அங்கத்தினரே முடிவு செய்வாராக.