மீகடத்தியிற் கலந்த மாசு

பாதரசத்தைத் தனிப்பூச்சியத்திற்கு மேல் ஏறத்தாழ 4 பாகை வரை குளிர்வித்தால் அதன் மின்தடை திடீரென மறைந்துவிடும். இதனை 1911-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் காமர்லிங் ஆன்னெஸ் என்னும் பேராசிரியர் கண்டார். இத்தகைய பொருள்களை மீகடத்திகள் என்பர். இவற்றில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாய் இணைந்து, இணைகளெல்லாம் ஒரே அலையாய் இயங்குகின்றன என்பது 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீபர் என்னும் மூவர் நிறுவிய கொள்கை.

அவ்வலையை வேற்றணுக்கள் கெடுக்குமோ? காந்தத் தன்மையற்ற மாசினால் பெருந்தீங்கு இல்லை என 1959-இல் ஆண்டர்சன் விளக்கினார். காந்த அணுவின் செய்கையோ வேறு. இணையின் இரு எலெக்ட்ரான்களும் எதிரெதிராய்ச் சுழல்வன. காந்த அணு அவ்விரண்டையும் வெவ்வேறாய் நடத்திப் பிரித்துவிடும்.

நிற்க. 1986-இல் சூரிச் நகரில் பெட்நோர்ஸ், முல்லர் என்போர் தாமிர ஆக்ஸைடு மீகடத்தியைக் கண்டனர். அவ்வினப் பொருள்களில் தாமிரத்தின் இடத்தில் நூற்றுக்குச் சில பங்கு துத்தநாகம் புகுத்தினால், மீகடத்தும் வெப்பநிலை வெகுவாய்த் தாழ்கின்றது. துத்தநாகமோ தானாகக் காந்தத் தன்மை உடையதன்று! (அண்டையிலுள்ள தாமிர அணுக்களில் அது காந்தத்தை எழுப்புதல் உண்மையே, எனினும் அதுவொன்றே காரணமாகாது.)

ஈயத்தில் இணையலை எத்திசையிலும் ஒரே குறியுடையது. தாமிர ஆக்ஸைடில் நான்கு இதழ்களாய்ப் பிரிந்து, கூட்டற்குறியும் கழித்தற்குறியும் மாறிமாறி வரும். இதழ்களுக்கு இடைப்பட்ட திசைகளில் சூனியமாகும். மாசணு எலெக்ட்ரானை ஒரு திசையினின்று மற்றொரு திசைக்குச் சிதறடிக்கின்றது. வரவே உள்ள கணக்குகளைக் கலந்தால் வரவே நிற்கும். வரவையும் கடனையும் சமமாய்க் கலந்தால் எஞ்சுவது யாது?

2000-ஆம் ஆண்டில் பெர்க்லியில் டேவிஸ் குழுவினர் பிஸ்மத் கலந்த தாமிர ஆக்ஸைடை நுண்ணூசியால் அணுவணுவாய்த் துருவினர். ஒவ்வொரு துத்தநாக அணுவைச் சுற்றியும் ஏறத்தாழ 15 ஆங்ஸ்ட்ராம் தொலைவுக்குள் மீகடத்தல் நலிந்திருந்தது. அங்கே சூனியத்தை ஒட்டிய ஆற்றலில் புதிய எலெக்ட்ரான் நிலைகள் தோன்றின. அவை நாற்புறமும் கைவிரித்த சிலுவை வடிவாய், இணையலை சூனியமாகும் திசைகளை நோக்கி நீண்டிருந்தன. யாம் வியப்பது இதுவே: ஆராய்ச்சியாளர் பழுதென நீக்க முயன்ற அணு, இணையலையின் வடிவத்தைத் தானே வரைந்து காட்டியது.

ஆயினும் எங்கும் இவ்வளவு தெளிவாய்ச் சான்று கிடைப்பதில்லை. 1994-இல் ஜப்பானில் மயேனோ குழுவினர் மீகடத்தியெனக் கண்ட ஸ்ட்ரான்ஷியம் ருதனேட்டு சிறிதளவு மாசுக்கும் இடங்கொடாது. மிகத் தூய படிகத்திலேயே ஏறத்தாழ 1.5 பாகையில் மீகடத்துகின்றது. ஆதலின் அதன் இணையலை ஈயத்தினது போன்றதன்றென அறிகிறோம். அது எவ்வடிவினது என்ற வழக்கோ இன்னும் தீரவில்லை.