சுமைக்கேற்ற வின்ச்

நுழையும்முன்

பழனிக்குச் சென்று வந்தோர் ‘வின்ச்’ என்னும் சொல்லை நன்கறிவர். மலையடிவாரத்திலிருந்து அடியவர்களை ஏற்றிச் செல்லும் இழுவை ரயிலை மக்கள் அப்பெயராலேயே வழங்குகின்றனர். உண்மையில் அந்த ரயிலைக் கம்பிவடத்தால் மேலே இழுக்கும் பொறியின் பெயரே வின்ச் ஆகும். உருளை சுழலும், அதில் வடம் சுற்றிக்கொள்ளும், வடத்தின் நுனியிலுள்ள சுமை நகரும். பழுதடைந்த வண்டியை டிரெய்லரில் ஏற்றுவதற்கும் இப்பொறியே சிறிய வடிவில் உதவுகிறது. அதனைத் தெரிந்தெடுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

தெற்கு அந்தமானில், ஸ்ரீ விஜயபுரத்தை அடுத்துள்ள ஊர் புரோத்ராபூர். போர்ட் பிளேர் என வழங்கிய நகரமே 2024 ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இத்தீவுகளில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் பொழிகின்றன. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர். சாலைகள் மேடும் பள்ளமுமாய் வளைந்து செல்கின்றன. வடக்கே செல்லும் அந்தமான் பெருவழிச் சாலையில் ஜாரவா பழங்குடியினர் வாழும் காப்புப் பகுதி உள்ளது. அங்கு வண்டிகள் காவலுடன் வரிசையாகவே செல்ல வேண்டும். இடையில் நிற்பதற்கு இசைவில்லை. இத்தகைய நிலத்தில் பழுதடைந்த வண்டியை விரைந்து அகற்றுவது இன்றியமையாத பணியாகும்.

புரோத்ராபூரில் வண்டி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருப்பதாகக் கொள்க. அதன் உரிமையாளர் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர். வண்டி ஏற்றும் டிரெய்லர் ஒன்றை அவர் வாங்கியுள்ளார். அதற்கு மின் வின்ச் பொருத்த விரும்புகிறார். தவறான பொறியை வாங்கிவிட்டால் மாற்றுவது எளிதன்று. சென்னை ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கு அப்பால் உள்ளது. எட்டாம் வகுப்பில் பயிலும் மகள் தந்தையின் அருகில் அமர்ந்து விலைப்பட்டியலைப் பார்க்கிறாள்.

“கார் 1200 கிலோகிராம் எடையுள்ளது. ஆனால் 500 கிலோகிராம் இழுக்கும் வின்ச் போதும் என்று கடைக்காரர் சொல்கிறாரே, அப்பா! அது எப்படி?”

“வண்டியை நாம் தூக்கப் போவதில்லை, அம்மா. சாய்தளத்தில் உருட்டித்தான் ஏற்றப் போகிறோம். அதனால் அப்படிச் சொல்கிறார். அது சரிதானா என்று நீயே கணக்கிட்டுப் பார்” என்றார் தந்தை.

டிரெய்லரின் சாய்தளம் நான்கு மீட்டர் நீளத்திற்கு ஒரு மீட்டர் உயர்கிறது. எனவே வண்டியின் எடையில் நான்கில் ஒரு பங்கை, அதாவது 300 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையை, வடம் தாங்க வேண்டும். சக்கரங்கள் தடையின்றி உருண்டால் இதனுடன் சிறிதளவு சேர்த்தாலே போதும். கடைக்காரர் கூறியது இந்த நிலைக்குப் பொருந்தும்.

ஆயினும் டிரெய்லரில் ஏறுவது நல்ல வண்டியன்று, பழுதடைந்த வண்டி. அதன் பிரேக் இறுகியிருக்கலாம், சக்கரம் சுழலாதிருக்கலாம். அப்போது வண்டி உருளாது, இழுபட்டே வரும். உலர்ந்த தளத்தில் ரப்பர் சக்கரத்தின் உராய்வு வண்டியின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு இருக்கும். 1200 கிலோகிராம் வண்டிக்கு அது 800 கிலோகிராமுக்கு மேல். சாய்தளத்தின் 300 கிலோகிராமையும் கூட்டினால் தேவை சுமார் 1100 கிலோகிராம் ஆகிறது. எளிய நிலையைக் கொண்டு பொறியைத் தேர்தல் கூடாது. கடுமையான நிலையைக் கொண்டே தேர்தல் வேண்டும்.

அடுத்து உருளையை நோக்குக. பொறியின் மேல் எழுதப்பட்டுள்ள இழுவிசை, உருளையின் முதல் அடுக்கிற்கு மட்டுமே உரியது. வடம் அடுக்கடுக்காகச் சுற்றச் சுற்ற உருளையின் ஆரம் பெருகுகிறது, இழுவிசை குறைகிறது. ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையில் ஆறு மில்லிமீட்டர் வடம் நான்காவது அடுக்காகச் சுற்றும்போது, முதல் அடுக்கின் விசையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கே எஞ்சும். வண்டி சாய்தளத்தின் மேற்புறத்தை அடையும் வேளையில்தான் உருளையில் வடம் மிகுதியாகச் சேர்ந்திருக்கும். 1600 கிலோகிராம் எனக் குறிக்கப்பட்ட பொறி அப்போது 1100 கிலோகிராமை எட்டாது. ஆகவே சுமார் 2000 கிலோகிராம் திறனுள்ள பொறியே இவ்வண்டிக்குத் தகுதியானது.

“இதோ, 2000 என்று போட்டிருக்கிறது, விலையும் குறைவு” என்றாள் மகள்.

“எண்ணுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார், அம்மா.”

அங்கே பவுண்டு என்றிருந்தது. ஒரு கிலோகிராம் ஏறத்தாழ 2.2 பவுண்டுக்குச் சமம். எனவே 2000 பவுண்டு என்பது சுமார் 907 கிலோகிராமே. 2000 கிலோகிராம் திறன் வேண்டுவோர் பவுண்டுக் கணக்கில் 4500 எனக் குறிக்கப்பட்டதைத் தேட வேண்டும். அலகைப் படியாமல் எண்ணை மட்டும் படிப்பவர் ஏமாறுவர்.

மின்சாரத்தையும் கருத வேண்டும். வீட்டில் 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் தரும் மின்திறனை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பெற ஏறத்தாழ 190 ஆம்பியர் பாய வேண்டும். மெல்லிய கம்பி இதனைத் தாங்காது சூடேறும். நீண்ட கம்பியில் மின்னழுத்தம் குறையும். ஆதலால் தடித்த கம்பியும், பொறிக்கு அருகில் பேட்டரியும் தேவை. இழுக்கும் வண்டியின் பேட்டரி தொலைவிலிருந்தால் டிரெய்லரிலேயே தனிப் பேட்டரி வைப்பது நன்று. பொறியைத் தொடர்ந்து ஓட்டாமல் இடையிடையே ஆறவிடவும் வேண்டும்.

வடங்கள் இருவகை. எஃகு வடம் உராய்வைத் தாங்கும். ஆனால் கடற்காற்றின் உப்பால் துருப்பிடிக்கும். அறுந்த இழைகள் கையைக் கிழிக்கும். செயற்கை இழைவடம் எடை குறைந்தது; துருப்பிடிக்காது; ஆனால் கூர்முனைகளும் கடும் வெயிலும் அதனைக் கெடுக்கும். கடல் சூழ்ந்த ஊரில் இழைவடத்தை வாங்கி, வேலை முடிந்ததும் உறையிட்டு மூடுதல் ஏற்றது. மழையும் உப்பும் மோட்டாருக்குள் புகாதிருக்க, நீர்க்காப்புத் தரம் குறிக்கப்பட்ட பொறியைத் தேர்தல் வேண்டும்.

தேரோட்டத்தைக் கண்டவர்க்கு ஓர் உண்மை தெரியும். தேரை இழுப்பது வடம், நிறுத்துவது முட்டுக்கட்டை. டிரெய்லருக்கும் இதுவே விதி. ஏற்றும்போது டிரெய்லரின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இட வேண்டும். ஏற்றி முடித்தபின் வண்டியைப் பட்டைகளால் டிரெய்லருடன் இறுகக் கட்ட வேண்டும். வின்ச் இழுப்பதற்கு உரியது. பயணத்தில் வண்டியைப் பிடித்து வைப்பதற்கு உரியதன்று.

இறுகிய வடம் அறுந்தால் மிகுந்த வேகத்துடன் பின்னோக்கிப் பாயும். அது உயிரையும் பறிக்கும். எனவே வடத்தின் நேர்க்கோட்டில் எவரும் நிற்கலாகாது. இறுகிய வடத்தைத் தாண்டலாகாது. வடத்தின் நடுவே கனத்த ஈரச் சாக்கைப் போர்த்தினால் பாயும் வேகம் தணியும். உருளையில் எப்போதும் குறைந்தது ஐந்து சுற்று வடம் எஞ்சியிருக்க வேண்டும். இழைவடத்திற்கு மேலும் சில சுற்றுகள் தேவை.

தந்தை இரண்டு விலைகளையும் ஒப்பிட்டுச் சற்றுத் தயங்கினார். மகள் கணக்கேட்டை அவர்முன் திருப்பி வைத்தாள். “கொக்கி மாட்டும்போது வண்டிக்கு அருகில் நிற்பது நீங்கள்தானே, அப்பா?” என்றாள்.

பெரிய பொறிக்கே அவர் பணம் அனுப்பினார்.

சொற்பொருள்

வடம் – தடித்த கயிறு
சாய்தளம் – ஒருபுறம் உயர்ந்து சரிந்த பரப்பு
இழுவிசை – இழுக்கும் ஆற்றல்
முட்டுக்கட்டை – சக்கரம் உருளாமல் தடுக்கும் கட்டை

பயிற்சி

1. பழுதடைந்த வண்டியை ஏற்ற மிகுதியான இழுவிசை தேவைப்படுவது ஏன்?
2. 1000 கிலோகிராம் வண்டி ஒன்று, ஐந்து மீட்டர் நீளத்திற்கு ஒரு மீட்டர் உயரும் சாய்தளத்தில் தடையின்றி உருண்டு ஏறுகிறது. உராய்வை நீக்கி, தேவையான இழுவிசையைக் கணக்கிடுக.
3. சாய்தளம், இழுவிசை ஆகியன வினைத்தொகைகள். இவற்றை முக்காலத்திற்கும் விரித்து எழுதுக.
4. ‘முட்டுக்கட்டை போடுதல்’ என்னும் தொடர் இன்று எப்பொருளில் வழங்குகிறது? தேரோட்டத்தில் முட்டுக்கட்டையின் பயன் யாது? இரண்டையும் ஒப்பிட்டு ஐந்து வரிகளில் எழுதுக.
5. உங்கள் வீட்டிலுள்ள பொறி ஒன்றின் மேல் எழுதப்பட்டுள்ள எண்களையும் அலகுகளையும் பெற்றோர் துணையுடன் படித்து, தமிழில் எழுதி வருக.