பணம் முடிந்த பிறகு யார் சுமப்பது

அன்புள்ள கயல்,

உன் விண்ணப்ப வரைவைப் படித்தேன். எண்ணூர்க் கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்து வாழும் குடும்பங்களோடு சேர்ந்து ஓராண்டு காலம் பாட்டு, நாடகம், சுவரோவியம் என்று வேலை செய்ய நினைக்கிறாய். அனல்மின் நிலையச் சாம்பல் அந்த நீரை என்ன செய்தது என்பதை அங்குள்ள பெண்களே மேடையில் சொல்ல வேண்டும் என்கிறாய். அந்த விருப்பத்தில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. நல்கை கேட்கலாமா, வாங்கினால் கை கறைபடுமா என்பதுதான் உன் கேள்வி. பணம் யாருடையது என்பது முக்கியம்தான், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் மக்களோடு சேர்ந்து கலை செய்யப் போனவர்களைக் கூடுதலாகக் கெடுத்தது நல்கையின் காலக்கெடு என்றே நான் நினைக்கிறேன். நல்கை பன்னிரண்டு மாதத்தில் முடியும். சாம்பல் அப்போதும் அங்கேதான் கிடக்கும். நீ தொடங்கிவைத்த உறவும், அதனால் எழுந்த எதிர்பார்ப்பும் கிடக்கும். இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவில் விழுகிற செலவை யார் சுமப்பது என்பதை முதல் ரூபாய் வருவதற்கு முன்பே நீ முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்யாமல் விட்டால் அது குப்பத்து மக்களின் தலையில்தான் இறங்கும்.

இதைச் சரியாகக் கையாண்ட இடம் என்று நான் முதலில் சொல்வது அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இருக்கும் புராஜெக்ட் ரோ ஹவுசஸ். தேர்டு வார்டு என்ற கறுப்பின மக்கள் பகுதியில், கைவிடப்பட்டுக் கிடந்த 22 சிறிய வரிசை வீடுகளை 1993-இல் ரிக் லோவும் வேறு ஆறு கலைஞர்களும் சேர்ந்து கையில் எடுத்தார்கள். கலைக்கென்று வந்த பணத்தையும் தன்னார்வலர்களின் உழைப்பையும் கொண்டு வீடுகளைச் சீர்செய்தார்கள். சில வீடுகள் கலைஞர்களுக்கு ஒதுக்கப்பட்டன. வேறு சில வீடுகளில், தனியாகப் பிள்ளை வளர்க்கும் இளம் தாய்மார்கள் தங்கிப் படிப்பை முடிக்கும் ஏற்பாடு 1996-இல் தொடங்கியது. 2003-இல் குறைந்த வாடகை வீடுகளுக்காகவே தனி அமைப்பு ஒன்று உருவானது. இதில் நீ பார்க்க வேண்டியது இதுதான்: கலைக்கான நல்கையை இழுத்து நீட்டி வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்க அவர்கள் முயலவில்லை. கலைக்குக் கலைப்பணம், குடியிருப்புக்குக் குடியிருப்புப் பணம் என்று ஒவ்வொரு வேலைக்கும் உரிய வாசலைத் தட்டினார்கள். எந்த நல்கை நின்றாலும் வீடுகள் நின்றன. ரிக் லோவுக்கு மெக்ஆர்தர் ஃபெல்லோஷிப் கிடைத்தது 2014-இல், அதாவது தொடங்கி இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. உன் வரைவில் பன்னிரண்டாம் மாதத்துக்குப் பிறகு கழிமுகத்தில் என்ன மிஞ்சும் என்று தேடினேன். ஒரு நிறைவு விழாவும் ஒரு ஆவணப்படமும் இருந்தன. அவை இரண்டும் உன்னோடு நகரத்துக்குத் திரும்பி வந்துவிடும்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பெருஞ்சுவர் இன்னொரு விதத்தில் உனக்கு நெருக்கமானது. துஜுங்கா வாஷ் என்ற வெள்ளநீர்க் கால்வாயின் கான்கிரீட் சுவரில் ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்கு, பாடப்புத்தகங்கள் விட்டுவிட்ட மக்களின் வரலாற்றை ஜூடித் பாக்கா 1976 முதல் 1983 வரை ஐந்து கோடைகளில் வரைவித்தார். வரைந்தவர்கள் நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள். தொடக்கத்தில் வந்தவர்களில் பலர் சிறார் நீதி அமைப்பின் வழியாக வந்தவர்கள். அவர்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டது. ‘பங்கேற்பாளர்’ என்று கௌரவமாகப் பெயர் வைத்துவிட்டு வெறுங்கையோடு அனுப்பவில்லை. பணம் துண்டு துண்டாகத்தான் வந்தது, அதனால்தான் ஏழாண்டுகளில் ஐந்து கோடைகள். இடைப்பட்ட காலத்தைத் தாங்கியது பாக்கா சிலரோடு சேர்ந்து 1976-இல் தொடங்கிய ஸ்பார்க் என்ற அமைப்பு. அது இருந்ததால்தான் 2021-இல் அந்தச் சுவரை நீட்ட மெல்லன் அறக்கட்டளை ஐம்பது லட்சம் டாலர் அறிவித்தபோது, அந்தப் பணத்தை வாங்கி வேலையைத் தொடர ஆளும் இடமும் இருந்தன.

உன் பட்ஜெட்டைப் பார். ஒளிப்பதிவாளருக்கு, ஒலிப்பதிவுக்கு, வண்டிக்கு, அச்சுக்கு, உனக்கு எல்லாம் தொகை இருக்கிறது. ஒத்திகைக்கு வரும் பெண்களுக்குத் தேநீரும் வடையும் மட்டும் எழுதியிருக்கிறாய். நீரில் இறங்கிக் கையால் இறால் தேடும் ஒருத்தி ஒரு பகல் உன்னோடு உட்கார்ந்தால் அவளுக்கு அன்றைய வருமானம் போகிறது. இந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும், கேட்டால் சொல்வாள். அந்தத் தொகை பட்ஜெட்டின் முதல் வரியாக வர வேண்டும், தயவாக அல்ல, கூலியாக.

‘நல்கையே வேண்டாம், மக்களிடம் துண்டேந்தி நடத்துவதுதான் நேர்மை’ என்று உன் நண்பர்கள் சொல்வதாக எழுதியிருந்தாய். அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. டெல்லியில் 1973-இல் தொடங்கிய ஜன நாட்டிய மஞ்ச், சஃப்தர் ஹாஷ்மியை 1989-இல் கொலைக்குப் பறிகொடுத்த அந்தக் குழு, அரசிடமோ நிறுவனங்களிடமோ தொண்டு நிறுவனங்களிடமோ பணம் வாங்குவதில்லை. தெருவில் நாடகம் முடிந்ததும் பார்த்தவர்கள் கொடுப்பதை விரித்த துணியில் வாங்கிக்கொள்கிறார்கள். ஸ்டூடியோ சஃப்தர் என்ற சொந்த அரங்கை 2012-இல் திறந்ததும் நன்கொடைகளைத் திரட்டித்தான். நான் மிகவும் மதிக்கும் வழி அது. சென்னையிலும் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா பெருநிறுவன விளம்பரமில்லாமல் தன்னார்வலர்களின் தோளில்தான் எழுந்தது. ஆனால் அந்த வழியிலும் செலவு காணாமல் போய்விடுவதில்லை. ஜன நாட்டிய மஞ்சின் நடிகர்கள் வேறு வேலையில் சம்பாதித்துவிட்டு மாலையிலும் விடுமுறையிலும் நாடகம் போடுகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு தொழிலாளர் இயக்கமும் இருக்கிறது. சுமையைத் தெரிந்தே தங்கள் மேல் ஏற்றிக்கொண்டவர்கள் அவர்கள். உன்னால் அப்படி முடியுமென்றால் தாராளமாகச் செய், நான் தடுக்க மாட்டேன். ஆனால் உன் திட்டத்தில் நடிக்கப் போகிறவர்கள் வேறு சம்பளம் இல்லாத பெண்கள். நீ நல்கையை மறுப்பதால் உன் மனம் நிறையலாம், அதற்கு அவர்களுடைய பகல்கள் செலவாகும். நியூயார்க் துப்புரவுத் துறையில் 1977 முதல் சம்பளமில்லாத கலைஞராக இருந்த மியர்ல் லேடர்மன் உகெலிஸ், 1979-80-இல் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களை ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். அவர் போனது அவர்களுடைய பணிநேரத்துக்குள். தான் ஊதியம் வாங்காதபோதும் அவர்களுடைய ஊதியத்தை அவர் தொடவில்லை. இந்த வேறுபாட்டை உன் நண்பர்களிடம் எடுத்துச் சொல்.

கை கறைபடுவதைப் பற்றி என் கருத்து நேரானது. அந்தக் கழிமுகத்தைக் கெடுத்ததில் பங்குள்ள எந்த நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியும் உனக்கு வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸ் சுவருக்கான அழைப்பே அந்தக் கால்வாயைக் கான்கிரீட்டாக்கிய ராணுவப் பொறியியல் பிரிவிடமிருந்துதான் வந்தது என்று நீ எதிர்வாதம் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அந்தச் சுவர் அரசின் கால்வாய்ச் சுவர், கால்வாய் முடிந்துபோன வேலை. உன் இடத்தில் வழக்கும் சாம்பலும் இன்னும் முடியவில்லை, எதிர்த்தரப்பின் காசோலையோடு அங்கே போனால் உன் பாட்டை யாரும் நம்ப மாட்டார்கள். மற்றபடி, 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதற்கான பட்டியலில் கலையும் பண்பாடும் இருக்கின்றன. ஆனால் அந்த வரியின் சாய்வு பாரம்பரியச் சின்னங்கள், மரபுக்கலைகள், கைவினைகள் பக்கம். கேள்வி கேட்கும் நாடகத்துக்கு அங்கே இடம் குறுகல். வெளிநாட்டுப் பணமென்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20-ஆகக் குறைந்தது. பெரிய அமைப்பு வாங்கிச் சிறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய பாதை அதோடு அடைபட்டது. உன் அளவுக்கு, 1995 முதல் கலைஞர்களுக்கு நேரடியாக நல்கை தரும் பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற இடத்தில் முதலில் கேட்பது நல்லது. அங்கே கிடைத்தாலும் அதை மட்டுமே நம்பாதே. அமெரிக்காவின் தேசியக் கலை நிதியம் 2025 மே மாதத்தில், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நல்கைகளையே நூற்றுக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பி ரத்து செய்தது. அரசு மாறினால் கையெழுத்தும் மாறும் என்பதை அங்கிருந்த சிறு குழுக்கள் ஒரே இரவில் அறிந்தன.

உன் வரைவில் எனக்கு மிகவும் கவலை தந்த பகுதி ‘எதிர்பார்க்கும் விளைவுகள்’. விழிப்புணர்வு, அதிகாரமளித்தல், வாழ்வாதார மேம்பாடு என்று அடுக்கியிருக்கிறாய். கேட்கிறார்கள், எழுதாமல் எப்படி என்பாய். பிரிட்டனில் இதை ஒரு நாடே செய்து பார்த்தது. 1997-இல் ஃபிரான்சுவா மாட்டராசோ தன் அறிக்கையில், பங்கேற்புக் கலையால் சமூகத்துக்கு விளையும் ஐம்பது நன்மைகளைப் பட்டியலிட்டார். அன்றைய அரசும் கலை என்றால் சமூக ஒருங்கிணைப்புக்கு உதவ வேண்டும் என்ற நோக்கில் நிதி கொடுத்தது. கலைஞர்கள் அந்த மொழியைக் கற்றுக்கொண்டு விண்ணப்பங்களை நிரப்பினார்கள். ஆராய்ச்சியாளர்கள் அந்த ஆய்வின் முறையையே கேள்வி கேட்டார்கள். 2010-இல் புதிய அரசு வந்து இங்கிலாந்துக் கலை மன்றத்தின் நிதியில் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டை வெட்டியபோது, ஐம்பது நன்மைகளும் அதைத் தடுக்கவில்லை. தன்னால் ஆகாததை வாக்களித்து வாங்கிய பணம், அது ஆகவில்லை என்று சொல்லி நிறுத்தப்படும்போது கலைஞரிடம் பதில் இருக்காது. நாடகம் கழிமுகத்தைச் சுத்தம் செய்யாது. வழக்கறிஞரும் விஞ்ஞானியும் மீனவர் சங்கமும் செய்ய வேண்டிய வேலை அது. நாடகத்தால் ஆவதை எழுது: எத்தனை ஒத்திகை, எந்தெந்தக் குப்பத்தில் எத்தனை நிகழ்ச்சி, யாருக்கு எவ்வளவு கூலி, பதிவுகள் யார் பொறுப்பில் இருக்கும். நேர்மையான சிறிய வாக்குறுதியை மதிக்கும் தேர்வுக்குழுக்கள் உண்டு. இதை மதிக்காத குழுவின் பணம் பாதியிலேயே உன் வேலையை வளைக்கும்.

‘இப்படி எழுதினால் கிடைக்காது’ என்பது உன் கடைசி மறுப்பாக இருக்கும். கிடைக்காமலும் போகலாம். அப்போது ஓராண்டுத் திட்டத்தை மூன்றாண்டுக்கு நீட்டி, தொகையைப் பாதியாக்கி மறுபடி கேள். சுவரோவியத்தை விடு, விழாவைச் சுருக்கு. பாட்டும் நாடகமும் போதும். மிச்சமாகும் தொகையில் ஒலிப்பதிவுக் கருவிகளையும் ஒரு பெட்டி ஒலிபெருக்கியையும் பெண்கள் குழுவின் பெயரிலேயே வாங்கிக் கொடு. அங்கிருக்கும் இளம்பெண்கள் இருவருக்கு அவற்றைக் கையாளக் கற்றுக்கொடு. களத்தில் உழைப்பவர்களின் கூலியை நிர்வாகச் செலவில் சேர்த்துவிடாதே, தனித் தலைப்பில் போடு. வரைவை எனக்கு அனுப்புவதற்கு முன்னால் கணக்குத் தாளை அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டு, உன் சம்பளத்தையும் சேர்த்து. அவர்கள் அடிக்கச் சொன்னதை அடி, ஏற்றச் சொன்னதை ஏற்று. அதற்குப் பிறகு உள்ள தாளை அனுப்பு, விண்ணப்பத்தின் மற்றப் பக்கங்களை இருவருமாக உட்கார்ந்து எழுதலாம்.

அன்புடன்,
பெரியம்மா