அழகர் வரும் வழியில் ஒரு வீடு

எங்கள் வீடு மதுரை தல்லாகுளத்தில், அழகர்மலையிலிருந்து கள்ளழகர் ஊர்வலமாக வருகிற பாதைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டு வருவதில்லை. அழகரை எதிர்கொண்டு அழைக்கிற எதிர்சேவை அன்று மாலையே மேலூர், நத்தம் பக்கத்திலிருந்து பையும் பிள்ளைகளுமாக வந்து இறங்குவார்கள். ராத்திரி கொஞ்ச நேரம் கட்டையைச் சாய்த்துவிட்டு, விடிவதற்குள் குளித்துக் கிளம்பி, அழகர் வைகையில் இறங்குவதைப் பார்க்கப் போய்விடுவார்கள். திரும்பும்போது பக்தர்கள் துருத்தியால் பீய்ச்சுகிற நீர் பட்டு நனைந்த துணியும், காலெல்லாம் ஆற்று மணலுமாக வருவார்கள். இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன். விருந்தாளி வருகிறார் என்று தனியாக வீட்டைச் சுத்தம் பண்ணுகிற வழக்கமே கூடாது என்பது என் கட்சி. நாம் இருக்கிற அன்றாடத்திலேயே நாலு பேர் வந்து தங்க வீடு தயாராக இருக்க வேண்டும்.

வீடு அலங்கோலமாகத் தெரிவதற்கு முக்கால்வாசிக் காரணம், துவைத்துக் காய்ந்த துணிதான். கொடியிலிருந்து அள்ளி வந்து பட்டாசாலை நாற்காலியில் போட்டால் அன்றோடு அந்த நாற்காலி போச்சு. அடியிலிருக்கிற பள்ளிக்கூடச் சட்டையைப் பையன் உருவுவான், மேலே இருப்பதெல்லாம் தரைக்கு வரும். வாசலில் ஆள் சத்தம் கேட்டால் மொத்தத்தையும் சுருட்டி உள்ளறையில் தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும். எங்கள் வீட்டில் மடிப்பு வேலை மொட்டை மாடியிலேயே முடிந்துவிடும். கொடியிலிருந்து எடுக்கிற கையோடு கைப்பிடிச் சுவரில் வைத்து மடித்து, ஆளுக்கு ஓர் அடுக்காகக் கூடையில் இறக்குவோம். கீழே வந்ததும் அவரவர் அடுக்கு அவரவர் அலமாரிக்குப் போகும். மாடியில் மடித்தாலும் கீழே மடித்தாலும் ஆகிற நேரம் ஒன்றுதான். ஆனால் நாற்காலிக்கு வந்துவிட்ட துணியை மடிக்க யாருக்கும் மனசு வராது.

அடுத்தது பாத்ரூம். நாம் ஷோகேஸைத் துடைத்துத் துடைத்து வைக்கிறோம். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர் முதலில் கேட்பது ஒரு சொம்புத் தண்ணீர், அதற்கடுத்துக் கழிவறை எங்கே என்று. இந்தப் பொறுப்பு என் கணவருடையது. எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், குழாய் முனையெல்லாம் வெள்ளையாகப் படிந்துவிடும். வினிகரில் நனைத்த பழந்துணியைச் சுற்றி அரைமணி நேரம் விட்டுத் தேய்த்தால் வந்துவிடும். எலுமிச்சம்பழ மூடியும் போதும், புளிப்புக்கு அந்தப் படிவு கரையும். கழிவறைக்கு ஆசிட் ஊற்றுகிற அன்று அங்கே பிளீச்சிங் பவுடர் மட்டும் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அடைசலான பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. விருந்தாளி வருகிற அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகப் போடுகிற வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள்.

சுத்தத்தோடு, வந்தவருக்கு இடமும் இருக்க வேண்டும். பாத்ரூம் கதவுக்குப் பின்னால் இரண்டு கொக்கிகளை எப்போதும் காலியாகவே வைத்திருக்கிறோம், அதில் எங்கள் துணி ஏறாது. வயசானவர்களுக்கு உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலி உண்டு. ராத்திரி நடைவழியில் ஒரு சின்ன பல்பு எரியும். ஊரிலிருந்து வருகிற பெரியத்தை ஈரச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடையிலேயே நிற்பார், எங்கே காயப்போடுவது என்று வாய்திறந்து கேட்க மாட்டார். அவருக்காகவே பின்கட்டில் தனியாக ஒரு கொடி கட்டினோம். “இது உங்க கொடி அத்தை” என்று ஒரு தடவை காட்டிவிட்டால் போதும், பிறகு நேரே அங்கே போய்விடுவார்.

திருவிழா நேரத்தில் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்தாக வேண்டும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் துணி போட்டு இறுக்கிக் கட்டுங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். முட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே டிரம்மின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வாரம் ஒரு தடவை நார் போட்டு உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவதுதான் வழி.

படுக்கை விஷயத்தில் என் மாமியார் சொல்வதுதான் சட்டம். தலையணை, ஜமுக்காளம் எல்லாம் மாதம் ஒருமுறை வெயில் காணும். கோரைப்பாயை ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவைப்பார், கடும் வெயிலில் கோரை நொறுங்கும் என்பார். விரிப்புகளுக்கு நடுவே காய்ந்த வேப்பிலை வைப்போம். பாச்சை உருண்டை போடுவதில்லை, கைக்குழந்தையோடு வருகிறவர்கள் அந்த விரிப்பிலேதான் குழந்தையைப் படுக்கவைப்பார்கள். அந்த உருண்டையின் நெடி ஏறிய துணியால் சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும் என்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம்.

வாசலுக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு வாளித் தண்ணீர், ஒரு குவளை, படியில் மடித்துப் போட்ட சாக்கு. ஆற்று மணல் அங்கேயே நின்றுவிடும். அடுப்படியில் மாவும் எலுமிச்சம்பழமும் இருந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

பிள்ளைகள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். “ஆள் வர்றாங்க, எடுத்து வைடா” என்று கத்தினால், வருகிறவர்கள் மேலேயே பிள்ளைகளுக்கு வெறுப்பு வந்துவிடும். நான் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் பட்டாசாலைத் தரை காலியாக வேண்டும், அது தினமும் உண்டு. வருகிறவர்களுக்காகச் செய்யப் பிள்ளைகளுக்கென்று சந்தோஷமான வேலை தனியாக இருக்கிறது. பாய் விரிப்பது மகள், போன் சார்ஜ் போட வயர் எடுத்துக் கொடுப்பது மகன்.

அழகர் மலைக்குத் திரும்பி, கடைசி ஆளும் ஊருக்குப் போனபிறகு எல்லோரும் உட்கார்ந்து எது பத்தவில்லை என்று பேசுவோம். அதை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுவேன். இப்போது அங்கே இருப்பது: துண்டு இன்னும் நாலு, குழந்தைகளுக்குத் தாழ்வாக ஒரு கொக்கி, பின்கட்டுக் கொடிக்குக் கிளிப்பு.